கொல்லைப்புறம் தரும் விடுமுறை

பள்ளி விடுமுறை நெருங்கும்போது பெற்றோர் பலருக்குச் செலவைப் பற்றிய கவலையும் வந்துவிடுகிறது. ஒரு குடும்பம் கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்றுவர நூற்றுக்கணக்கான ரிங்கிட் தேவைப்படுகிறது. வசதியில்லாத வீடுகளில் பிள்ளைகள் கைப்பேசியோடு முடங்கிவிடுகின்றனர். ஆனால், வீட்டின் கொல்லைப்புறத்திலேயே பயனுள்ள விடுமுறை காத்திருக்கிறது.

சந்தையில் வாங்கிய கங்கோங் கீரையின் தண்டுகளை நீரில் வைத்தால் சில நாள்களில் வேர்விடும். அவற்றை மண்ணில் நட்டு நாள்தோறும் நீரூற்றினால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் கீரை பறிக்கலாம். இடையில் நத்தை இலையைத் தின்றுவிட்டால், பிள்ளைகள் காரணத்தைத் தேடுவர், மீண்டும் நடுவர். காசு கொடுத்துப் பெறும் கேளிக்கையில் இந்தப் பொறுமை வாய்ப்பதில்லை.

செடி வளரும் இடத்தில் நீரும் தேங்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறப்பதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாள்கள் போதும். ஆகவே, வாரம் ஒருமுறை பூச்சாடித் தட்டு, வாளி, பழைய டயர் ஆகியவற்றைச் சோதித்து நீரைக் கொட்டும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். டிங்கிக் காய்ச்சலைத் தடுப்பதில் தமக்கும் பங்குண்டு என்பதை அவர்கள் உணர்வர். மாலையில் தரையில் கட்டம் வரைந்து நொண்டி விளையாடலாம்.

அடுக்குமாடி வீட்டில் கொல்லை ஏது எனச் சிலர் கேட்கலாம். கீரை வளர்க்கப் பால்கனித் தரையில் இரண்டு பூச்சாடிகள் போதும். உண்மையான தடை இடமன்று. உடை அழுக்காகிவிடும் என்ற அதட்டலே. பெற்றோர் அதைக் கைவிட்டு, நாளுக்கு அரைமணி நேரம் பிள்ளைகளுடன் மண்ணில் அமர்ந்தால், விடுமுறை வீணாகாது.