டேப்பெட்டின் வாயை அடைப்பவர்கள்

பழைய புல்லட்டின் இன்ஜினில் 'டிக் டிக்' என்று ஓர் ஒலி எழுந்தவுடன் நம்மவர் செய்வது இரண்டில் ஒன்று. "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்று கையை விரித்துவிடுவது ஒன்று. மெக்கானிக்கிடம் போய், "சத்தமே வரக்கூடாது அண்ணே, டேப்பெட்டை டைட் வெச்சுடுங்க" என்று கேட்பது மற்றொன்று. முதலாமவர் சோம்பேறி, மன்னித்துவிடலாம். இரண்டாமவரோடுதான் நமக்கு வழக்கு. அவர் வேண்டுவது பழுதுநீக்கத்தை அன்று, மௌனத்தை. கேட்டதைக் கொடுத்து அனுப்புகிற பட்டறைகளும் ஊருக்கு நான்கு இருக்கின்றன.

நாம் பேசுவது திருவொற்றியூரில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம் பெரிய மாற்றமின்றி உருவான வார்ப்பிரும்பு இன்ஜினைப் பற்றி. அதன் கேம்கள் கீழே இருக்கின்றன, வால்வுகள் மேலே. இடையில் இரண்டு புஷ்ராடுகள் நின்று, கீழிருக்கும் அசைவை மேலே ராக்கருக்குக் கொண்டுசேர்க்கின்றன. இந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில் மயிரிழைத் தளர்வு இருந்தே ஆகவேண்டும். அத்தளர்வு இருந்தால்தான் வால்வு தன் இருக்கையில் முழுதாக அமரும். எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுக்கோ இது உயிர்ப்பிரச்சினை. அது தன் வெப்பத்தின் பெரும்பகுதியை இருக்கையில் அமர்ந்திருக்கும் அந்தச் சிறுபொழுதில்தான் கைமாற்றிவிட முடியும். டேப்பெட்டை இறுக்கிவிட்டால் வால்வு இமையளவு திறந்தபடியே நிற்கும். அவ்விடுக்கில் தீ பாய்ந்து விளிம்பைத் தின்னும், கம்ப்ரஷன் குறையும், கிக்கர் இலேசாக இறங்கும். இவ்வளவும் ஓசையின்றி நடக்கும் என்பதுதான் இதில் கொடுமை. உரிமையாளரோ, "வண்டி இப்போது பட்டுப்போல் ஓடுகிறது" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்வாங்க உள்வாங்க, அந்தத் தளர்வு தானாகவே குறையும். ஆகவே, யாரும் கைவைக்காமலே ஒரு டேப்பெட் நாளடைவில் அமைதியாகிவிட்டது என்றால், மகிழ்வதற்கு முன் திறந்து பார்க்கவேண்டும். கொஞ்சம் ஒலிக்கும் டேப்பெட்டைவிட ஒலியே இல்லாத டேப்பெட்டுக்கு நாம் அஞ்சுவது இதனால்தான்.

சரியான முறை ஒன்றும் இரகசியமன்று. இன்ஜின் முற்றாக ஆறியிருக்கவேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் பார்ப்பது உத்தமம். வலப்பக்கத்து டேப்பெட் மூடியைக் கழற்றி, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலைக்குக் கிக்கரை மெல்ல அழுத்திக் கொண்டுவந்து, புஷ்ராடை விரலால் சுழற்றிப் பார்க்கவேண்டும். தடையின்றிச் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு சிறு தளர்வு கூடுதலாக இருந்தால் குற்றமில்லை. பட்டறை வாசலில் வந்து நின்ற வண்டியை, தொட்டால் கை சுடும் நிலையிலேயே ஸ்பேனரோடு அணுகுபவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், "சார் என்ன வாத்தியாரா?" என்பார். ஆம், வாத்தியார்தான்.

சரி, டிக் என்றாலே டேப்பெட்தானா? நம் சக ஆசிரியர் ஒருவரின் வண்டியில் மூன்றுமுறை டேப்பெட் வைத்தார்கள், ஒலி போகவில்லை. "இன்ஜினை இறக்கவேண்டும்" என்று தீர்ப்பும் வந்துவிட்டது. குற்றவாளி டேப்பெட்டே அல்ல. பெண்ட் பைப் ஹெட்டில் நுழையும் இடத்தில் கசிவு. அங்கே கரி படிந்திருந்ததை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை! வண்டி ஸ்லோவில் ஓடும்போது சைலன்சரின் வாயை ஈரத்துணியால் கணப்பொழுது அடைத்தால், அத்தகைய கசிவு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். டீகம்ப்ரஷன் வால்வு சரியாக மூடாவிட்டாலும் ஏறத்தாழ இதே ஒலிதான். ராக்கருக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய் அடைபட்டாலும் மேலே உலோகம் உலோகத்தோடு உரசித் தட்டும். அப்போது டேப்பெட்டை எத்தனைமுறை வைத்தும் பயனில்லை.

எண்ணிப் பார்ப்பதும் உதவும். கேம், கிராங்க்கின் பாதி வேகத்தில் சுழல்கிறது. நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒரு டேப்பெட் 500 முறைதான் தட்டும். சுற்றுக்கு ஒருமுறை தட்டும் ஒலி கீழிருந்து, கிராங்க்கின் பக்கத்திலிருந்து வருகிறதோ என்று ஐயுறவேண்டும். ஆறிய இன்ஜினில் எழுந்து, சூடேறியபின் அடங்கும் 'தட தட' பெரும்பாலும் போருக்குள் பிஸ்டன் ஆடுவது. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின்மேல் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்தால், ஒலி வலப்பக்கம் டைமிங்கிலா, இடப்பக்கம் செயின் கேஸிலா என்பது புலப்பட்டுவிடும். செலவு ஒரு காசு இல்லை.

தொல்காப்பியர் காலந்தொட்டு இரட்டைக்கிளவிக்கு இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. டிக் டிக், கட கட, தட தட, புஸ் புஸ் என்று ஒவ்வோர் ஓசைக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறோம். பட்டறையில் மட்டும் எல்லாவற்றையும் "சத்தம்" என்னும் ஒற்றைச்சொல்லில் மூட்டைகட்டி ஒப்படைத்துவிடுகிறோம். மெக்கானிக்கை மட்டும் நோவது நியாயமாகாது. நோயாளி "உடம்பு சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டால் வைத்தியர் என்ன செய்வார்?

இந்த மௌன மோகம் வலுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2009-இல் வந்த கிளாசிக் வண்டிகளின் இன்ஜினில் ஹைட்ராலிக் டேப்பெட். எண்ணெயின் அழுத்தமே தளர்வை ஈடுசெய்துவிடும். ஆகவே அங்கே அமைதி இயல்பு. அதில் பழகிய செவி, வார்ப்பிரும்பு வண்டியிடமும் அதே அமைதியை எதிர்பார்க்கிறது. ஒலி அடங்கக் கெட்டியான எண்ணெயை ஊற்றுவோரும் இருக்கிறார்கள். அது காலைக் குளிரில் மேலே ஏறிச்சேர நேரமாகும் என்பது அவர்கள் கவலையில் இல்லை. காதைப் பிளக்கும் சைலன்சரை மாட்டி, இன்ஜின் பேசுவதையே கேட்காமல் ஆக்கிக்கொண்ட இளைஞர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும்.

பழைய வண்டி வாங்கப்போகும் நண்பர்கள், தாங்கள் வருமுன் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். பிறகு வலப்பக்கத்து மூடியைத் திறக்கச் சொல்லி, புஷ்ராடு விரலுக்குச் சுழல்கிறதா என்று பாருங்கள். மூடியைத் திறக்க மறுப்பவரிடம் விலை பேசவேண்டாம்.