உபதலைப்புக்கு உரிய வேளை எது?

அமெரிக்காவின் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், 20,000 இற்கும் அதிகமான விரிவுரைப் பதிவுகளை 2017 மார்ச்சில் பொதுமக்களின் பார்வையிலிருந்து விலக்கிக்கொண்டது. அவற்றுட் பல, உபதலைப்பு இன்மையால் செவிப்புலனற்றோருக்குப் பயன்படவில்லை என அந்நாட்டு நீதித் திணைக்களம் 2016 இல் சுட்டிக்காட்டியிருந்தது. திருத்துவதற்கான செலவு மிகையானதெனப் பல்கலைக்கழகம் கருதியது. விளைவாக, செவிப்புலன் உள்ளோரும் அவற்றை இழந்தனர். பதிவுகளை அனைவருக்கும் உகந்தவையாக்கும் இணக்கப்பாடு 2022 இலேயே எட்டப்பட்டது.

காலந்தாழ்த்தியதன் விலை இதுவாகும். மாணவர் கோரட்டும், பின்னர் பார்க்கலாம் என்ற வாதம் ஒருமுறை மட்டும் பயன்படும் பதிவுக்கு ஓரளவு பொருந்தலாம். ஆண்டுதோறும் பயன்படும் விரிவுரைக்கு அது பொருந்தாது. கோரிக்கை நிறைவேறுமுன் பரீட்சை வந்துவிடும். கணினி தானாக இடும் எழுத்துகளும் போதுமானவையல்ல. கலைச்சொற்களிலேயே அவை பெரிதும் தவறுகின்றன.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. தமிழில் கற்று ஆங்கிலமொழி விரிவுரைகளுக்குள் நுழையும் எமது மாணவருக்கும் உபதலைப்பு கைகொடுக்கும். எனவே, விரிவுரையாளர் சரிபார்த்த உபதலைப்புடனேயே பதிவுகள் வெளியிடப்பட வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம்.