குட்டி விற்பனைக்கு ஒரு கணக்கு வேண்டாமா?



தெருநாய் பிரச்சினை 2025-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. கருத்தடை, தடுப்பூசி, காப்பகம் என்று நாடே பேசியது. ஆனால் ஒரு கேள்வியை யாரும் பெருசா கேட்கல. வீட்டிலும் கடையிலும் காசுக்காகக் குட்டி போட வைத்து விற்கிறார்களே, அதற்கு யார் கணக்கு வைப்பது?

ஒரு பக்கம் அரசுப் பணத்தில் கருத்தடை, இன்னொரு பக்கம் கணக்கில்லாத குட்டி விற்பனை. இது ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புற வேலை.

சட்டம் இல்லையா? இருக்கு. நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் 2017-லேயே மத்திய அரசு விதி போட்டது:

✅ தொழிலாக வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும்
✅ 18 மாதம் ஆகாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது
✅ வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது
✅ 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது
✅ விற்கும் நாய்க்கு மைக்ரோசிப் இருக்க வேண்டும்

நடப்பது என்ன? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு மாதக் குட்டியின் போட்டோவும் விலையும் வருது. தாய்ப்பால் மறக்காத குட்டி பார்வோ நோய் வந்தால் தாங்குமா? பூனைக்கு நிலைமை இன்னும் மோசம். 2018 விதிகள் செல்லப்பிராணி கடைகளுக்குத்தான். வீட்டில் பெர்சியன் பூனையை வைத்துக் குட்டி விற்பவருக்கு, ‘இத்தனை ஈத்துதான்’ என்ற வரம்பே கிடையாது.

வளர்க்க முடியலேன்னு ராத்திரியோடு ராத்திரியா திருவண்ணாமலை ரோட்டில் இறக்கிவிட்டுப் போனால்? 1960-ஆம் ஆண்டு சட்டப்படி முதல் முறைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். இன்றைக்கு அது மூணு டீ காசு!

தடை போட்டால் தீருமா? 2024 மார்ச்சில் 23 வகை நாய்களுக்கு மத்திய அரசு தடை சொன்னது. ஏப்ரலிலேயே கர்நாடகா, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அதை ரத்து செய்தன. மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் 5 வயதுக் குழந்தையை ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. யார் வளர்க்கிறார், யார் விற்றார் என்ற பதிவு இல்லாமல் எந்தத் தடையும் காகிதத்தோடு நிற்கும்.

“நாலு குட்டி விற்றுப் பிழைக்கிறவன் வயித்துல அடிக்கிறீங்களா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் இனங்களைக் காப்பாற்றி வைத்திருப்பதே சாதாரண மக்கள்தான். அவங்களை விரட்டச் சொல்லல. பதிவு செய்து கொடுங்கள், தடுப்பூசிக்கு உதவுங்கள் என்கிறோம். ஒழுங்காக வளர்ப்பவருக்குப் பதிவுதான் பாதுகாப்பு.

நம் கோரிக்கைகள்:

👉 கீழ்பென்னாத்தூரில் கால்நடைத் துறை மூலம் பதிவு முகாம் நடத்த வேண்டும்
👉 சிறு வளர்ப்பாளர்களுக்குப் பதிவுக் கட்டணத்தில் சலுகை வேண்டும்
👉 பூனைக்கும் இனப்பெருக்க விதி வேண்டும்
👉 50 ரூபாய் அபராதத்தை மாற்ற வேண்டும்

சட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீங்க. குட்டி வாங்கப் போனால் மூணே கேள்வி கேளுங்க: பதிவு எண் இருக்கா? எத்தனை வாரக் குட்டி? தாயைக் காட்டுவீங்களா? பதில் இல்லேன்னா காசை எடுக்காதீங்க.

நீங்க கேட்க ஆரம்பித்தால், விற்கிறவர் பதிவு செய்ய ஆரம்பிப்பார்.

#கீழ்பென்னாத்தூர் #திருவண்ணாமலை