கடவுச்சொல் கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள், படியுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பழைய மடிக்கணினியை எடைக்குப் போடாமல், அதில் லினக்ஸ் நிறுவி அப்பா அம்மாவுக்குக் கொடுக்கும் வழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் கூடவே சிலர் இன்னொன்றும் செய்கிறார்கள். "அப்பாவுக்கு ஒவ்வொரு தடவையும் தொல்லையா இருக்கும்" என்று, மென்பொருள் நிறுவும்போது கடவுச்சொல்லே கேட்காதபடி மாற்றி வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர், "எது ஓடலேன்னாலும் முன்னால சூடோ போடுங்க, ஓடிரும்" என்று சொல்லித் தருகிறார்கள். இரண்டும் தவறு என்பது என் கருத்து.

புதிதாக வருபவர்களுக்காக அடிப்படையிலிருந்து சொல்கிறேன். லினக்ஸில் ஒவ்வொருவருக்கும் 'ஹோம்' என்று சொந்த இடம் உண்டு. அங்கே எழுதலாம், அழிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு மென்பொருளை வழக்கமான முறையில் நிறுவினால், அதன் கோப்புகள் கணினி முழுவதற்கும் பொதுவான இடத்தில் போய் உட்காருகின்றன. அங்கே கைவைக்கும் உரிமை 'ரூட்' என்ற நிர்வாகிக்குத்தான். எஸ், யு, டி, ஓ என்ற நான்கெழுத்துக் கட்டளையான சூடோ, அந்த உரிமையை ஒரு வேலைக்கு மட்டும் நமக்கு வாங்கித் தருகிறது.

பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். மாணவன் தன் நோட்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். சேர்க்கைப் பதிவேட்டில் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமென்றால் தலைமையாசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். யார் மீதும் சந்தேகம் இல்லை. அந்தப் பதிவேடு எல்லோருக்கும் பொது, அவ்வளவுதான். சூடோ என்பது ஒரு தாளுக்கு முத்திரை வாங்குவது. ரூட்டாகவே நுழைந்து நாள் முழுக்க வேலை செய்வது, தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது. கடவுச்சொல்லை நீக்கிவிடுவது, முத்திரையை வராந்தாவில் வைத்துவிட்டுப் போவது.

இது இன்று வந்த ஏற்பாடு இல்லை. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் கோகஷால், கிளிஃப் ஸ்பென்சர் ஆகிய இருவர் இதை முதலில் எழுதினார்கள். 2004இல் வந்த உபுண்டு, ரூட் கணக்கைப் பூட்டியே வைத்து, நிறுவும்போது உருவாகும் முதல் பயனருக்கு சூடோ உரிமையைக் கொடுத்தது. அதனால் "அட்மின் பாஸ்வேர்டு எனக்கு யாரும் தரலையே" என்று தேட வேண்டாம். அது கேட்பது உங்கள் கடவுச்சொல்லைத்தான். தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாவிட்டாலும் பயப்பட வேண்டாம். பல லினக்ஸ் வகைகளில் அப்படித்தான். தட்டி முடித்து எண்டரை அழுத்துங்கள்.

கடவுச்சொல்லைக் கேட்கும் அந்த நேரத்தில்தான் நாம் யோசிக்க வேண்டும். என் ஆலோசனை மூன்றே கேள்விகள்.

ஒன்று, இந்த வேலையை நான்தான் தொடங்கினேனா? நீங்கள் எதையும் நிறுவாதபோது ஒரு பெட்டி வந்து கடவுச்சொல் கேட்டால், அது எதற்கென்று தெரியும்வரை கொடுக்காதீர்கள்.

இரண்டு, இது எங்கிருந்து வருகிறது? உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து ஆப்ட் கட்டளையால் நிறுவினால், அங்கிருந்து வரும் பட்டியலின் மின்கையொப்பத்தைக் கணினியே சரிபார்க்கிறது. ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து இறக்கிய டெப் கோப்புக்கு அந்தக் காவல் கிடையாது. அதைவிட முக்கியம், டெப் கோப்புக்குள் நிறுவும்போது ஓடும் சிறு நிரல்களும் இருக்கலாம். அவை ரூட் உரிமையோடு ஓடும். நீங்கள் ஒரு விளையாட்டை நிறுவுவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது கணினியில் எதையும் மாற்றலாம்.

மூன்று, இதற்கு நிர்வாகி உரிமை உண்மையிலேயே தேவையா? ஒரு தமிழ் எழுத்துருவை உங்கள் ஹோமுக்குள் போட்டாலே உங்களுக்கு வேலை செய்யும். ஃபிளாட்பேக் முறையில் வரும் செயலிகளையும் உங்களுக்கு மட்டும் என்று நிறுவ வழி இருக்கிறது. தேவையில்லாத இடத்தில் முத்திரை எதற்கு?

பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. பைத்தான் தொகுப்புகளை சூடோ போட்டு நிறுவி, கணினியின் சொந்தக் கருவிகளையே கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். அதனால்தான் 2023இல் வந்த டெபியன் 12, அப்படி நிறுவப் போனால் மறுத்துவிடுகிறது. மீறிச் செய்ய ஒரு வழி உண்டு. அதன் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்', அதாவது கணினியின் தொகுப்புகளை உடை என்று பொருள். அதையும் படிக்காமல் ஒட்டி எண்டர் தட்டுகிறவர்களை என்ன சொல்ல? தனிச்சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவப் பழகுங்கள்.

"பெரியவங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று ஒரு வாதம் வரும். நான் ஏற்க மாட்டேன். வங்கியில் கையெழுத்துப் போடுமுன் தாளைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த மூன்று கேள்விகளும் புரியும். உண்மையிலேயே முடியாதென்றால், அப்பாவுக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றை வைத்துக் கொடுங்கள். நிர்வாகிக் கணக்கு உங்களிடம் இருக்கட்டும். உரிமையையும் கொடுத்து, கேள்வியையும் எடுத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அவர் கணக்கில் ஓடும் எந்த நிரலும் யாரையும் கேட்காமல் ரூட்டாகிவிடலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தக் கடவுச்சொல் எல்லாவற்றையும் காக்காது. உங்கள் படங்கள், கடிதங்கள், உலாவியில் சேமித்தவை எல்லாம் ஹோமில்தான் இருக்கின்றன. உங்கள் பெயரில் ஓடும் கெட்ட நிரல் அவற்றைத் தொட சூடோ தேவையில்லை. ஆகவே கேட்கவில்லை என்பதற்காகக் கண்டதையும் ஓட்டாதீர்கள். அவற்றுக்கு ஒரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் கணினி மட்டுமல்ல. கேட்டவுடன் கடவுச்சொல் தட்டும் கை, கேட்டவுடன் ஓ.டி.பி. சொல்லும் வாய்க்குப் பழக்கம் கொடுக்கிறது. நம் குடும்பங்களில் ஓய்வூதியத்தையும் வைப்புத்தொகையையும் நம்பி இருக்கிற பெரியவர்கள் எத்தனை பேர்! யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று நின்று பார்க்கும் வழக்கத்தை வீட்டுக் கணினியில் பழக்குவது சுலபம். அந்த வாய்ப்பை வசதி என்ற பெயரில் எடுத்துவிடாதீர்கள்.

அப்பாவின் மடிக்கணினியில் கடவுச்சொல்லை நீக்கி வைத்திருக்கும் பிள்ளைகள், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது திரும்ப வைத்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மென்பொருளை அவர் கையாலேயே நிறுவச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.