முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு கொடுங்கள், பதவி வேண்டாம்

"கல்லூரியில் எதற்கய்யா தேர்தல்? படிக்கிற பிள்ளைகளைக் கெடுக்கவா?" மாலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும் எங்கள் ஓய்வூதியக் கூட்டத்தில் இந்தக் கேள்வி வாரம் ஒரு முறையாவது வரும். கேட்பவர்கள் என் வயதுக்காரர்கள், பேரன் பேத்திகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர்கள் சொல்வது தவறு என்பதே என் கட்சி.

மாணவர் பேரவைத் தலைவர் என்றால் மாலையும் மைக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த வேலை முக்கால்வாசி குமாஸ்தா வேலை. விடுதிச் சோற்றில் புழு கிடந்தால் மெஸ் கமிட்டியைக் கூட்டச் சொல்ல வேண்டும். பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் மனு கொடுப்பது, எத்தனை நாள் கழித்து நினைவூட்டுவது என்று தெரிய வேண்டும். உதவித்தொகை வராதவர்களின் பட்டியல், கடைசி பஸ்ஸின் நேரம், நூலகம் மூடும் நேரம் என்று எல்லாமே சில்லறை விஷயங்கள். ஆனால் வெளியூரிலிருந்து வந்து படிக்கும் ஏழைப் பிள்ளை படிப்பைத் தொடர்வதும் பாதியில் நிறுத்துவதும் இந்தச் சில்லறை விஷயங்களில்தான் இருக்கிறது.

நான் பணியில் இருந்தபோது சில ஆண்டுகள் உதவித்தொகைக் கோப்புகள் என் மேசைக்கு வந்தன. ஒரு மாணவன் தனியாக வந்து கேட்டால், "அடுத்த வாரம் வா, பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கும். அடுத்த வாரம் வர பஸ் காசுக்கு அவன் எங்கே போவான்? அதே குறையைப் பேரவைச் செயலாளர் பெயர், வகுப்பு, விண்ணப்பித்த தேதி என்று பட்டியல் போட்டுக் கொண்டுவந்து, நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டு போனால், அந்தத் தாளுக்குத் தபால் பிரிவில் ஓர் எண் விழும். எண் விழுந்த தாளுக்கு என்றைக்காவது ஒருநாள் பதில் எழுதியே ஆகவேண்டும். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இது தெரியும்.

சரி, கல்லூரியே நியமிக்கும் மாணவன் இதைச் செய்யக்கூடாதா? செய்ய மாட்டான். அவன் மேல் குற்றமில்லை. முதல்வர் கையால் பதவி வாங்கியவன், அதே முதல்வரிடம் போய், "விடுதித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி எத்தனை மாதம் ஆயிற்று?" என்று எப்படிக் கேட்பான்?

நான் படித்த பிரெஞ்சுப் பாடத்தில் இதற்கு 'தெலெகே' என்று ஒரு சொல் உண்டு. மற்றவர்கள் தங்கள் சார்பில் அனுப்பி வைத்த ஆள் என்று பொருள். 1968 மே மாதக் கிளர்ச்சிக்குப் பிறகு, அதே ஆண்டு நவம்பரில் வந்த அரசாணை, பிரான்சில் பள்ளி நிர்வாகக் குழுவிலேயே மாணவப் பிரதிநிதிகளுக்கு இடம் கொடுத்தது. அந்நாட்டில் மாணவர் விடுதிகளையும் உணவகங்களையும் நடத்தும் 'க்ரூஸ்' என்ற அமைப்பு 1955-இல் ஏற்பட்டது. அதன் நிர்வாகக் குழுவில் மாணவர்கள் வாக்களித்து அனுப்பியவர்கள் உட்காருகிறார்கள். துணைத் தலைவர்களில் ஒருவர் மாணவர். சாப்பிடுகிறவனுக்குச் சமையலைப் பற்றிப் பேச இடம் இருக்கிறது.

இங்கே என்ன நடக்கிறது? உச்ச நீதிமன்றம் சொல்லி அமைக்கப்பட்ட லிங்டோ குழு 2006-இல் அறிக்கை கொடுத்தது. தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் தலைமையிலான குழு அது. நியமன முறை இருக்கும் இடங்களில்கூட வெறும் மதிப்பெண்ணை வைத்து நியமிக்க வேண்டாம், ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தலுக்கு மாறுங்கள் என்றது. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு விதிகளைப் பாருங்கள். குழுவின் தலைவர் பேராசிரியர், உறுப்பினர்கள் பேராசிரியர்கள். மாணவருக்கு ஓர் இடம் உண்டு, அதுவும் 'சிறப்பு அழைப்பாளர்' என்று. படிப்பிலோ விளையாட்டிலோ கலையிலோ சிறந்தவரை நியமிப்பார்களாம். நூறு மீட்டர் ஓட்டத்தில் ஜெயித்தவருக்கு விடுதிக் குறை தெரிந்திருக்கும் என்று என்ன நிச்சயம்?

அடிதடி வரும், கட்சிகள் நுழையும் என்பார்கள். வந்திருக்கிறது, நுழைந்திருக்கின்றன, மறுக்கவில்லை. அதற்காகத்தான் அதே லிங்டோ குழு கடிவாளம் போட்டது. செலவு 5,000 ரூபாய்க்கு மேல் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது. 75 சதவீத வருகை வேண்டும். அந்த ஆண்டில் அரியர் இருக்கக்கூடாது. குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருக்கக்கூடாது. நிர்வாகி பதவிக்கு ஒரு முறைதான் நிற்கலாம். இந்த நிபந்தனைகளை நம் சட்டமன்ற வேட்பாளர்களுக்குப் போட்டால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்!

வாக்குரிமை வயது 1989-இல் 21-லிருந்து 18 ஆனது. அப்போது நாம் யாரும் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சொல்லவில்லை. நாட்டின் பிரதமரை முடிவு செய்ய வாக்களிக்கும் பெண்ணுக்குத் தன் விடுதியின் மெஸ் செயலாளரைத் தேர்ந்தெடுக்கும் புத்தி இல்லையா?

நண்பர்களே, இன்றிரவு பேரனோ பேத்தியோ போனில் பேசும்போது, மார்க் எவ்வளவு என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள். உங்கள் மெஸ் கமிட்டியில் இருக்கும் மாணவர் யார், அவரை அங்கே அனுப்பியது யார்? பதில் தெரியாது என்று வந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் முதல்வரிடம் கேளுங்கள். வாயால் கேட்டால் போதாது. எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.