குத்துவிளக்குன்னு பட்டம் கொடுத்தது யாரைக் கேட்டு?

எழுதணும் எழுதணும்னு ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர். இன்னைக்கு எழுதிடறேன். திட்ட நினைக்கறவங்க வரிசையில வரவும் :-)

"நல்லா குடும்பப் பாங்கா நடிச்சுக்கிட்டிருந்த பொண்ணு, இதுக்கு எதுக்கு இந்த வேலை?" இந்த டயலாக்கை நீங்களும் கேட்டிருப்பீங்க. தியேட்டர் இடைவேளையில கேட்டிருக்கலாம், டீக்கடையில கேட்டிருக்கலாம், கல்யாண வீட்டுப் பந்தியில கேட்டிருக்கலாம். சொல்றவர் முகத்துல ஒரு நிஜமான வருத்தம் இருக்கும். சொந்தக்காரப் பொண்ணு ஓடிப்போன மாதிரி. எனக்குப் பிரச்சனையே அந்த வருத்தத்தோடதான்.

2006-ல 'புதுப்பேட்டை' வந்தது. செல்வராகவன் படம், தனுஷ்தான் கொக்கி குமார். அதுல சினேகாவுக்குப் பாலியல் தொழிலாளி வேஷம். அதுக்கு முன்னாடி சினேகான்னா யாரு? 'ஆனந்தம்', 'உன்னை நினைத்து', 'ஆட்டோகிராப்'. கே.ஆர்.விஜயாவுக்குப் 'புன்னகை அரசி'ன்னா இவங்களுக்குப் 'புன்னகை இளவரசி'. காலண்டர்ல பார்த்தா மாமியாருக்கும் பிடிக்கும் மருமகளுக்கும் பிடிக்கும். அப்படிப்பட்டவங்க சிவப்பு விளக்கு ஏரியாவுல நின்னதும் நம்மாளுங்களுக்கு நெஞ்சு வலிச்சுது. படத்துல ரத்தம் ஆறா ஓடுது. வெட்டிச் சாய்க்கறாங்க. ஒருத்தன் இன்னொருத்தன் தங்கச்சி கழுத்துல வலுக்கட்டாயமா தாலி கட்டறான். அதெல்லாம் 'ரா'வா இருக்குன்னு பாராட்டு. சினேகா அந்த வேஷத்துல நடிச்சது மட்டும் ஜீரணம் ஆகலை!

இத்தனைக்கும் அந்தப் படத்துல கவர்ச்சின்னு சொல்லிக்கற மாதிரி சினேகா எதுவும் பண்ணலை. அந்தக் கிருஷ்ணவேணி பாவப்பட்ட பொம்பளை. எங்க சித்தி ஒருத்தங்க டிவியில பார்த்துட்டு, "அந்தப் புள்ள வேற எங்கடா போகும்"னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. சினிமா விமர்சனம் எழுதத் தெரியாத சித்திக்குப் புரிஞ்சது, மாசம் பத்துப் படம் பார்க்கற நண்பர்களுக்குப் புரியலை. அவங்களுக்குப் பாத்திரம் கண்ணுலயே படலை, சினேகாதான் தெரிஞ்சாங்க.

சரி, இப்ப ஆம்பளைங்க பக்கம் வருவோம்.

மைக் மோகனை எடுத்துக்கோங்க. 1982-ல 'பயணங்கள் முடிவதில்லை'. மோகனும் பூர்ணிமா ஜெயராமும். ஊரே உருகி அழுதது. ரெண்டே வருஷத்துல, 1984-ல, அதே ஜோடி 'விதி'யில. இந்தத் தடவை மோகன் அந்தப் பொண்ணை ஏமாத்தி கர்ப்பமாக்கிட்டு, கோர்ட்டுல நின்னு ஒண்ணுமே தெரியாதுன்னு சாதிக்கற ஆளு. படம் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. வசன கேசட் கல்யாண வீட்டு ஸ்பீக்கர்ல எல்லாம் பாடுச்சு. அதே 1984-ல மணிவண்ணனோட 'நூறாவது நாள்' வேற. அதுல கொலைகாரன்!

இவ்வளவும் பண்ணிட்டு மோகனுக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை. அடுத்த வருஷமே 'உதயகீதம்', 'இதயக்கோவில்'னு மைக்கைப் பிடிச்சார். 1986-ல 'மௌன ராகம்', தமிழ் சினிமாவுலயே சாதுவான புருஷன். தாய்மார்கள் பொண்ணு கொடுக்கத் தயாரா இருந்தாங்க. 'விதி' ராஜாவை யாரும் ஞாபகம் வெச்சுக்கலை. "நடிப்புத்தானே"ன்னு விட்டுட்டாங்க. அந்த "நடிப்புத்தானே" இருக்கே, அதைத்தான் நான் நடிகைகளுக்கும் கேக்கறேன். பெருசா ஒண்ணும் கேக்கலை.

இன்னும் கிட்ட வாங்க. 1992-ல 'ரோஜா'வுல நாடே பார்த்த பால் வடியற முகம் அரவிந்த்சாமி. 2015-ல 'தனி ஒருவன்'ல இரக்கமே இல்லாத வில்லன். விசில் பறந்தது. "என்னா ஸ்டைலு, என்னா கம்பேக்"னு ஹீரோவை விட்டுட்டு வில்லனைக் கொண்டாடினோம். (நானும்தான்.) 2011-ல 'மங்காத்தா'. அஜித் அதுல கெட்ட போலீஸ், பணத்துக்காகக் கூட்டாளிகளையே போட்டுத் தள்ளத் தயங்காதவர், காதலியை யூஸ் பண்ணிக்கறவர். அது அவரோட அம்பதாவது படம், தியேட்டர்ல தீபாவளி. 'அய்யய்யோ நல்ல மனுஷன் இப்படிக் கெட்டுப் போயிட்டாரே'ன்னு எவனாவது வருத்தப்பட்டானா? ஆம்பளை இமேஜை உடைச்சா அதுக்குப் பேரு 'ரிஸ்க் எடுக்கறது'. பொம்பளை உடைச்சா அதுக்குப் பேரு 'மார்க்கெட் போயிருச்சு போல'.

உடனே ஒருத்தர் எம்.ஜி.ஆரைத் தூக்கிட்டு வருவார், தெரியும். நானே சொல்லிடறேன். எம்.ஜி.ஆர் திரையில பெரும்பாலும் சிகரெட், தண்ணி தொடாம கட்டிக் காப்பாத்தினவர். 1962-ல 'பாசம்' படத்துல கடைசியில செத்துப் போற மாதிரி நடிச்சதை ரசிகர்கள் தாங்கிக்கலை. ஆக ஆம்பளைக்கும் இமேஜ் சிறைதானேன்னு கேப்பீங்க. இல்லைங்க. அந்த இமேஜை அவரே செங்கல் செங்கலா கட்டினார். எந்தப் பாட்டு, எந்த வசனம், எந்த வேஷம்னு முடிவு பண்ற அதிகாரம் அவர்கிட்ட இருந்தது. அதுக்குப் பலனும் அவருக்கே வந்தது, 1977-ல கோட்டைக்கே போனார். சினேகாவுக்குக் குத்துவிளக்குப் பட்டத்தால கிடைச்சது என்ன? அடுத்த படத்துலயும் ஒரு குத்துவிளக்கு. அவ்வளவுதான். 2008-ல 'பிரிவோம் சந்திப்போம்', மறுபடியும் மருமக வேஷம். (நல்ல படம், நல்ல நடிப்பு. அது வேற விஷயம்.)

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. நடிகைகள் இமேஜை உடைக்கவே கூடாதுன்னு நம்ம ஜனங்க சொல்றதில்லை. சில பர்மிட் வெச்சிருக்காங்க. முதல் பர்மிட், பேய். 2005-ல 'சந்திரமுகி'யில ஜோதிகா கட்டின புருஷனையே கொல்லப் பார்த்தாங்க, கைதட்டல் கூரையைப் பிச்சுது. ஏன்னா அது அவங்க இல்லை, உள்ள இருந்த சந்திரமுகி. ரெண்டாவது பர்மிட், சாவு. 1999-ல 'படையப்பா' நீலாம்பரி என்ன ஆட்டம் வேணா ஆடலாம், கடைசியில தன்னைத்தானே சுட்டுக்கிட்டுச் செத்துட்டா கணக்கு நேராயிடும். பேயும் பிடிக்காம, சாகவும் சாகாம, சுய புத்தியோட ஒரு பொம்பளை தப்புப் பண்ணினாலோ, சத்தமா பேசினாலோ, உடம்புன்னு ஒண்ணு தனக்கு இருக்கறதா காட்டிக்கிட்டாலோதான் தியேட்டர்ல சீட்டு முள்ளாக் குத்த ஆரம்பிக்குது.

அதே ஜோதிகாவைப் பாருங்க. 2006 செப்டம்பர்ல கல்யாணம். 2007 பிப்ரவரியில ரெண்டு படம் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்தது. 'பச்சைக்கிளி முத்துச்சரம்'ல குடும்பஸ்தனை வளைச்சுப் போட்டு ஏமாத்தற வில்லி. 'மொழி'யில பேச முடியாத, காது கேக்காத அர்ச்சனா. எதை நாம தலையில தூக்கி வெச்சு ஆடினோம்னு சொல்ல வேண்டியதில்லை. 'மொழி' அதுக்குத் தகுதியான படம்தான், மறுக்கலை. ஆனா அந்த வில்லி வேஷத்தைப் பத்தி அப்புறம் எத்தனை பேர் வாயைத் திறந்தோம்?

பத்து வருஷம் தாண்டி 2017 நவம்பர்ல பாலாவோட 'நாச்சியார்' டீசர். ஜோதிகா போலீஸ் அதிகாரி. கடைசியில ஒரே ஒரு கெட்ட வார்த்தை. அவ்வளவுதான், ஊரே கலவரம். வழக்கு வரைக்கும் போனாங்க. "சூர்யா பொண்டாட்டி இப்படிப் பேசலாமா", "ரெண்டு குழந்தைக்குத் தாய்" அப்படின்னு ஒரே ஒப்பாரி.

இங்க ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். அந்த வார்த்தை பெண்ணைக் கேவலப்படுத்தற வார்த்தைதான். அது எந்தப் படத்துலயும் வர வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா நான் அவர் பக்கம். ஆனா நம்மாளுங்க கேட்டது அது இல்லையே. பாலா படங்கள்ல ஆம்பளைங்க என்னென்ன பேசியிருக்காங்க? அப்ப எல்லாம் 'யதார்த்தம்'னு சொல்லித்தானே ரசிச்சோம்? நம்ம தெருவுல, பஸ்ஸுல, கிரிக்கெட் ஆடற மைதானத்துல அந்த வார்த்தை காற்புள்ளி மாதிரி விழுந்துக்கிட்டிருக்கு. ஆம்பளை வாயில இருந்தவரைக்கும் அது காதுலயே விழலை. ஜோதிகா வாயில வந்ததும்தான் அது கெட்ட வார்த்தைன்னே ஞாபகம் வருது. இது வார்த்தைப் பிரச்சனை இல்லை சாமி, வாய்ப் பிரச்சனை.

2019-ல 'சூப்பர் டீலக்ஸ்' இதையே கதையா வெச்சுக் காட்டுச்சு. பசங்க பள்ளிக்கூடத்தைக் கட் அடிச்சுட்டு நீலப்படம் பார்க்கறாங்க. அதுல ஒருத்தனோட அம்மாவே திரையில வர்றாங்க. பையன் வெறி பிடிச்சு அம்மாவைக் கொல்ல ஓடறான். அந்த அம்மா ரம்யா கிருஷ்ணன். 1995-ல 'அம்மன்' படத்துல அம்மனாவே வந்து நின்ன அதே ரம்யா கிருஷ்ணன்! அந்தப் பையன் வேற யாரும் இல்லை, நாமதான். பார்த்தது தப்பா தெரியலை. காசு கொடுத்து வாங்கினது தப்பா தெரியலை. திரையில இருந்தவ 'நம்ம வீட்டுப் பொம்பளை'ன்னு தெரிஞ்சதும்தான் ஆயுதத்தைத் தூக்கறான். முன்பின் தெரியாத பொம்பளையா இருந்திருந்தா பார்த்து முடிச்சுட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி'ங்கறதைப் பாசம்னு நினைச்சு சொல்றோம். அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கறது உரிமைப் பத்திரம். வீட்டுப் பொண்ணுன்னா நாம சொல்றதைக் கேக்கணும், நாம கிழிச்ச கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினா 'வளர்ப்பு சரியில்லை'. நடிகைகிட்ட காட்டற இந்த முகத்தைத்தான் நம்ம வீட்டுல நிஜமா இருக்கற பொண்ணும் தினம் பார்த்துக்கிட்டிருக்கா. டிவி முன்னாடி உக்காந்து "இவளுக்கு ஏன் இந்த வேலை"ன்னு நாம சொல்றப்ப, பக்கத்துல சோறு சாப்பிட்டுக்கிட்டிருக்கற நம்ம தங்கச்சியும் மகளும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. தனக்கு எவ்வளவு தூரம் கயிறுன்னு அளந்துக்கறாங்க. எனக்குக் கோவம் சினேகாவுக்காகவோ ஜோதிகாவுக்காகவோ மட்டும் இல்லை. அவங்க நல்லாத்தான் இருக்காங்க. எனக்குக் கவலை அந்தச் சோத்துத் தட்டு முன்னாடி இருக்கறவங்களைப் பத்தி.

ரசிகனை மாத்தவே முடியாதுன்னு கையை விரிக்கறவங்களுக்கு ஒண்ணு. 2023-ல மலையாளத்துல 'காதல் தி கோர்' வந்தது. கோடிக்கணக்கான குடும்பங்கள் கொண்டாடற மம்மூட்டி, கல்யாணமாகி இருபது வருஷம் ஆன ஓரினச் சேர்க்கையாளரா நடிச்சார். படத்தைத் தயாரிச்சதும் அவரே. மனைவியா வந்து, மானத்தை மறைச்சு வாழாம கோர்ட்டு ஏறி விவாகரத்துக் கேக்கறவங்க நம்ம ஜோதிகா. ஜனங்க உக்காந்து பார்த்தாங்க, பாராட்டினாங்க. வானம் இடிஞ்சு விழலை. ஆக, பாத்திரத்தைப் பார்க்க நமக்கும் தெரியும். பார்க்க மாட்டேன்னு அடம் பிடிக்கறோம், அவ்வளவுதான்.

படம் மோசமா இருந்தா கிழிங்க. நடிப்பு சரியில்லைன்னா தோலை உரிங்க. திணிச்ச காட்சின்னா இயக்குநரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேளுங்க, நானும் வர்றேன். ஆனா "நல்ல பொண்ணு இப்படி நடிக்கலாமா"ன்னு ஆரம்பிக்காதீங்க. நல்ல பொண்ணுன்னு சர்ட்டிபிகேட் கேட்டு அவங்க நம்ம வாசல்ல வந்து நிக்கலை. நூறு ரூபாயோ இருநூறு ரூபாயோ கொடுத்து நாம வாங்கினது ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு சீட்டு மட்டும்தான்.

டிஸ்கி: "உங்க வீட்டுப் பொண்ணை இப்படி நடிக்க விடுவீங்களா?"ன்னு கேக்க வர்றவங்களுக்கு முன்கூட்டியே பதில்: அதை அவகிட்ட போய்க் கேளுங்க.