துடைக்கும் கைக்கும் தடுப்பூசி வேண்டும்

தோட்டத்தை விட்டு வேலை தேடிப் போகும் நம் பிள்ளைகளில் சிலர் தாதியராகிறார்கள். இன்னும் சிலர் வைத்தியசாலைச் சிற்றூழியராக, கொந்தராத்துக் கம்பனியின் துப்பரவுத் தொழிலாளராகப் போகிறார்கள். ஊசி போடுவது தாதியின் வேலை. அந்த ஊசி கிடக்கும் குப்பையை அள்ளுவது துப்பரவுத் தொழிலாளியின் வேலை. ஆபத்து இருவருக்கும் ஒன்றுதான்.

செங்கமாரி என்றால் கெட்ட தண்ணீரால் வருவது என்றே நினைக்கிறோம். அது ஹெபடைடிஸ் ஏ. ஹெபடைடிஸ் பி இரத்தத்தால் பரவுவது. ஈரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியது. உடலுக்கு வெளியே இந்தக் கிருமி 7 நாட்களாவது உயிரோடிருக்கும். நோயாளிக்குப் போட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி ஏற்றாத 100 பேரில் 6 முதல் 30 பேருக்குத் தொற்றலாம். எச்.ஐ.வி. என்றால் 1000 பேரில் 3 பேருக்கே தொற்றும்.

இலங்கையில் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி ஏற்றத் தொடங்கியது 2003 இல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் தனியாக ஏற்றிக்கொண்டிருந்தால் மட்டுமே பாதுகாப்பு உண்டு.

வளர்ந்தவர்களுக்கு மூன்று ஊசிகள்: முதல் நாள், ஒரு மாதத்தில், ஆறாம் மாதத்தில். மூன்றாவது ஊசிக்குப் பின் ஒன்று இரண்டு மாதத்தில் இரத்தம் சோதிக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி 10 அலகோ அதற்கு மேலோ இருந்தால் போதும். சிலருக்கு அது வராது. அவர்களுக்கு மீண்டும் மூன்று ஊசி ஏற்ற வேண்டும்.

சிக்கல் இங்கேதான். ஊசிக்கு ஆறு மாதம் வேண்டும். கொந்தராத்துத் தொழிலாளிக்கு அடுத்த மாத வேலையே நிச்சயமில்லை. கம்பனி மாறினால் மூன்றாவது ஊசி யார் பொறுப்பு?

ஆகவே நாம் கேட்பது இது. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையானாலும், கந்தளாய், மூதூர் தள வைத்தியசாலைகளானாலும், மலையகத் தோட்ட டிஸ்பென்சரியானாலும், இரத்தமும் ஊசியும் படும் இடத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தடுப்பூசியும் இரத்தச் சோதனையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்கக் கூடாது. கொந்தராத்துப் பத்திரத்திலேயே இதை எழுத வேண்டும்.

பிள்ளைகளை இப்படியான வேலைக்கு அனுப்பும் பெற்றோர், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு ஊசி போட்டார்களா என்றும் கேளுங்கள். ஊசி அட்டையைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். இடையில் நின்றுபோனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஊசி குத்திவிட்டால் சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவி, அன்றைக்கே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் மருந்து ஏற்றுவது நல்லது. வேலை போய்விடுமோ என்று பயந்து மறைக்க வேண்டாம். அந்தப் பயத்தைப் போக்கத்தான் சங்கம் இருக்கிறது.